வேறு ஊர் விலாசம்

அத்தியாயம் 17

முதல் வாய்தாவுக்குச் செங்கல்பட்டு போனபோது பவானி பீரோவைத் திறந்து நல்ல புடவையாகப் பார்த்து எடுத்து உடுத்தினாள். நீதி கேட்கப் போகிறோம், நாலு பேர் மதிக்கிற மாதிரி போக வேண்டும் என்று அப்போது ஒரு நினைப்பு இருந்தது. இன்றைக்குக் கொடியில் கைக்கு அகப்பட்டதை இழுத்துக் கட்டிக்கொண்டாள். இரண்டு வருடம் கோர்ட்டுப் படி ஏறி இறங்கினால் புடவை ஆசையெல்லாம் தானாகப் போய்விடும்.

இந்தக் குடும்பத்தோடு வாரா வாரம் நடந்து வருகிறவர்களுக்கு நடந்தது தெரியும். இன்றுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரம் இருக்கிறது பனையடிக்குப்பம். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடி மாதம் கங்கையம்மனுக்குக் கூழ் வார்த்த வாரத்தில், குப்பத்துக் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது. ரோட்டோரம் கால்வாய் தோண்டிய கான்ட்ராக்டர் மோகனின் ஆட்கள் குடிநீர்க் குழாயை உடைத்து, உடைந்த இடத்தில் பழைய டயர் டியூபைச் சுற்றிக் கட்டிவிட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். பிற்பாடு தண்ணீரைச் சோதித்தவர்கள் அதில் மலக்கிருமி இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். குப்பத்தில் மூன்று உயிர் போனது. அதில் ஒன்று பவானி, பார்த்திபன் இருவரின் ஒரே மகள் வினிதா. மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

குப்பத்துக் குடும்பங்கள் சேர்ந்து மோகன் மீது வழக்குப் போட்டன. வழக்கு நன்றாகத்தான் நடந்தது, வினிதாவின் ஆஸ்பத்திரிச் சீட்டில் ஊர் முட்டுக்காடு என்று இருப்பதை எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கிற வரைக்கும். முட்டுக்காடு பவானியின் அம்மா வீடு. குழந்தை அங்கே கண்ட தண்ணீரைக் குடித்துவிட்டு நோயில் விழுந்தது, எங்கள் குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவர்கள் அடித்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பேச்சு முட்டுக்காடு வரை போய், பவானியின் அம்மா ஜெகதாம்பாள் "என் வூட்டுத் தண்ணியா என் பேத்திய கொன்னுச்சு?" என்று அழுது, மகள் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள்.

சீட்டில் யாரும் தப்பாக எழுதவில்லை. பவானி சொன்ன விலாசத்தைத்தான் எழுதினார்கள். அதைச் சொல்லச் சொன்னது ஊர்.

ஏன் என்று கேட்டால் மீன்தான். அதற்கு முந்தின வருடம் வேறொரு குப்பத்தில் வயிற்றுப்போக்கு பரவியபோது, அந்தக் கரை மீனை ஓட்டல்காரர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஐஸ் பெட்டியிலேயே கிடந்து நாறியது. அது கண்ணில் இருந்ததால் பனையடிக்குப்பம் கூடிப் பேசியது. நோய் கண்டவர்களைப் பக்கத்தில் மாமல்லபுரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, எல்லாரும் அறிந்த முகம். செங்கல்பட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கேயும் சொந்த ஊர் பேரைச் சொல்லக் கூடாது. கூட்டத்தில் அதை எழுந்து நின்று சொன்னவர் ஊருக்குத் தலைவரான நாட்டார் முனிசாமி, பவானியின் மாமனார்.

கால்மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் போனார்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இன்றைக்குக் குறுக்கு விசாரணை. கூண்டில் ஏறப்போவது பவானி.

"இன்னாத்துக்கு இம்மா நேரம் நின்னுகினு கீற?" என்றான் பார்த்திபன். ஓட்டல் வேன் ஓட்டுகிறான், கடலுக்குப் போவதை விட்டுவிட்டான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். "அப்பா சொன்னத சொல்லிட்டு வந்துடு. ஆஸ்பத்திரில தப்பா எய்திக்கினாங்க. அவ்ளோதான்."

"எய்தின பொண்ணு மூஞ்சி எனக்கு இன்னும் ஞாபகம் கீதுய்யா."

"ஞாபகத்த வெச்சிகினு இன்னா பண்ணப்போற?" குரல் எரிச்சலாகத்தான் வந்தது. ஆனால் அவன் கண் சிவந்திருந்தது. "முடிச்சிட்டு வா பவானி. என்னால முடியல."

அவளாலும்தான் முடியவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

பவானியும் மாமனாரும் மாமல்லபுரத்தில் பஸ் மாறினார்கள். முனிசாமி ஜன்னலோரம் அவளை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊருக்கே தீர்ப்புச் சொல்கிற மனிதர், பஸ்ஸில் மட்டும் காலைக் குறுக்கிக்கொண்டு உட்காருவார். புரட்டாசி மாதம், மீன் வாங்க ஆளில்லை, பஸ்ஸில் குப்பத்து முகம் நாலைந்து இருந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் சொன்னது நெனப்பு கீதா?"

"கீது மாமா."

"எங்க, சொல்லு பாப்போம்."

"இஸ்கூல் புள்ளையாட்டம் ஒப்பிக்கச் சொல்றீங்களே."

முனிசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். "கோச்சிக்காதம்மா. இப்பதான் ஓட்டல்காரன் திரும்ப நம்ம மீன எட்த்துக்கினு போறான். நாம நோவ மறச்சோம்னு கோர்ட்ல பதிஞ்சிச்சுன்னா அது பேப்பர்ல வரும். அப்புறம் நம்ம பசங்க வலைய வித்துட்டு வேனு ஓட்டத்தான் போவணும்."

"உங்க புள்ள இப்பவே அதான் ஓட்டுது."

கண்டக்டர் வந்து கேட்டபோது முனிசாமிதான் இரண்டு டிக்கெட் எடுத்தார்.

பவானிக்கு அவர் மேல் வெறுப்பு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. வெறுத்துவிட்டால் சுலபமாக இருந்திருக்கும். வினிதா போன பிறகு அவளைச் சாப்பிடவைத்தவர் இவர்தான். தட்டை எதிரில் வைத்துவிட்டு, அவள் ஒரு வாய் எடுக்கிற வரை அங்கேயே குந்தியிருப்பார். அதே மனிதர்தான் முட்டுக்காடு என்று சொல்லச் சொன்னார். இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்துப் பார்க்க அவளுக்கு இன்னும் பழக்கமாகவில்லை.

கோர்ட்டு வராந்தாவில் கூட்டம் நெரிந்தது. அவர்களுடைய வக்கீல் காயத்ரி ஒரு கையில் கேஸ் கட்டும் ஒரு கையில் டீ டம்ளருமாக வந்தாள்.

"பவானி, இன்னிக்கு அவங்க அந்த விலாசத்தத்தான் பிடிச்சுத் தொங்குவாங்க. எழுதுனவங்க தப்புன்னு சொல்லியிருக்கீங்க. அதுலயே நில்லுங்க. ஆஸ்பத்திரியில எழுதுன பொண்ணையும் வரச் சொல்லியிருக்காங்க, பாத்துக்கங்க." டீயை ஒரே மடக்கில் முடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு இன்று இதே மாதிரி இன்னும் எத்தனையோ கட்டு.

அந்தப் பெண் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்திருந்தவள். அப்போது இரட்டைப் பின்னல், இப்போது கழுத்தில் புதுத் தாலிக் கயிறு. பவானி திரும்பிக்கொள்ளலாம் என்று பார்ப்பதற்குள் அவளே வந்துவிட்டாள்.

"அக்கா, என்னைத் தெரியுதா? சிநேகா."

"தெரியுதுமா."

"நான் தப்பா எழுதிட்டேன்னு சொல்லியிருக்கீங்களாமே. ஆஸ்பத்திரில கூப்பிட்டுக் கேட்டாங்க. இன்னிக்குக் கோர்ட்ல என்ன ஆகுதுன்னு பாத்துட்டுத்தான் என்னை வேலையில வெச்சுக்கறதா வேணாமான்னு சொல்லுவாங்களாம்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் பவானிக்குச் சமாதானம் சொல்ல வந்திருக்கும். "நீங்க முட்டுக்காடுன்னுதானேக்கா சொன்னீங்க? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பாப்பா உங்க தோள்ல சாஞ்சுக்கிட்டு வேற ஏதோ பேரு சொல்லிச்சு. நீங்க 'சும்மா இரு'ன்னு அதட்டுனீங்க. எந்த ஊருன்னு மறுபடியும் கேட்டேன். முட்டுக்காடுன்னு நீங்கதான் அழுத்திச் சொன்னீங்க."

பவானி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பார்த்திபனிடம் கூட. இந்த உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். அதை இன்னொருத்தியும் இரண்டு வருடமாக நினைவில் வைத்திருக்கிறாள்.

டவாலி அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்.

மோகனின் வக்கீல் பாலசுப்ரமணியன் நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். சிரித்த முகம். "உட்காரணும்னா உட்காந்து சொல்லுங்கம்மா" என்றார். இந்த மாதிரி ஆட்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"உங்க மகளை ஆஸ்பத்திரியில சேர்த்தது நீங்கதானே?"

"ஆமா சார்."

"ஊர் பேரைச் சொன்னது?"

முனிசாமி கடைசி பெஞ்சில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு வரிசை முன்னால் மோகன், வெள்ளைச் சட்டையில். எந்த வாய்தாவுக்கும் எட்டிப் பார்க்காத ஆள் இன்று வந்திருந்தான். கதவுக்கு வெளியே சிநேகாவின் புடவை ஓரம் தெரிந்தது.

"நான்தான்" என்றாள் பவானி. "முட்டுக்காடுன்னு நான்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு எய்தினது சரி. அது மேல ஒரு தப்பும் இல்ல."

காயத்ரி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். பாலசுப்ரமணியனுக்கே ஒரு நிமிடம் பிடிபடவில்லை. சண்டைக்கு வந்தவன் கையில் எதிராளியே கம்பைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

"அப்போ குழந்தை முட்டுக்காட்டுலதான் நோயில விழுந்துச்சு."

"இல்ல சார். எங்கூட்டுக் குழாயிலதான் தண்ணி குட்ச்சிச்சு. கூழு வாத்த வாரம் பூரா அவ எங்கயும் போவல. எங்கம்மா வூட்டுக்குப் போயி அப்பவே மாசக்கணக்காயிருந்துச்சு."

"பின்ன எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"மீனு விக்காதுன்னு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி அம்மா தலையைத் தூக்கிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "முழுசா சொல்லும்மா" என்றார்.

பவானி சொன்னாள். குப்பம் கூடியதை, மாமல்லபுரம் வேண்டாம் என்று பேசியதை, செங்கல்பட்டுக்குக் காரில் வந்ததை எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் மெலிந்துகொண்டே போனது.

"எந்த ஊருன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நான் முட்டுக்காடுன்னேன். எம் பொண்ணு தோள்ல கெடந்துகினு, 'இல்லம்மா, நம்ம ஊரு பனையடிக்குப்பம்தான'ன்னுச்சு. கண்ண கூட தெறக்கல. அது நிஜத்த சொல்லிச்சு. நான் 'சும்மா இரு'ன்னு அதட்டினேன். அதுக்கப்புறம் அது பேசவேல்ல." அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட கடசியா பேசினது அதாம்மா."

தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்திவிட்டாள்.

பாலசுப்ரமணியன் நல்ல வக்கீல். கொஞ்சம் பொறுத்துவிட்டுத் திரும்பக் கம்பை எடுத்தார். "அதாவது நோயை ஊரே சேர்ந்து மறைச்சிருக்கீங்க. சொல்லியிருந்தா மறுநாளே தண்ணிய நிறுத்தியிருப்பாங்க. மத்த ரெண்டு பேரும் பொழச்சிருப்பாங்க. ஊருன்னா யாரு? மறைக்கச் சொன்னது யாரு? பேரைச் சொல்லுங்க."

"எங்க நாட்டாரு. முனிசாமி." பவானி கடைசி பெஞ்சைப் பார்த்தாள். "என் மாமனாரு. அதோ குந்திகினு கீறாரு."

எல்லாத் தலையும் திரும்பியது. பாலசுப்ரமணியன் சந்தோஷமாக நீதிபதி பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அதற்குள் மோகன் எழுந்து, பெஞ்சுகளை இடித்துக்கொண்டு வந்து, அவர் காதில் ஏதோ சொன்னான். வக்கீல் முகத்தில் இருந்த சிரிப்பு காணாமல் போனது.

"அவரை நீங்க சாட்சியா கூப்பிடுறீங்களா?" என்று நீதிபதி அம்மா கேட்டார்.

"தேவையில்லைங்கம்மா. வேற கேள்வி இல்ல."

வெளியே வந்ததும் காயத்ரி கேஸ் கட்டைத் திண்டில் போட்டாள். "ரெண்டு வருஷமா என்கிட்டயே மறைச்சிருக்கீங்க" என்றாள். கோபப்படக்கூடத் தெம்பில்லாத குரல். "சரி, அது போகட்டும். நீங்க சொன்னதுல நமக்குக் கெடுதலும் இருக்கு, நல்லதும் இருக்கு. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. ஊர் மறைச்சதுன்னு நிரூபிச்சா அவங்களுக்குத்தானே லாபம்? இவரைக் கூண்டுல ஏத்திக் கிழிகிழின்னு கிழிச்சிருக்கணும். ஏன் வேணாம்னாங்க?" முனிசாமியைப் பார்த்தாள். "ஐயா, உங்களைக் கூப்பிட அந்த மோகன் ஏன் பயப்படுறான்?"

முனிசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பஸ்ஸுக்கு நாழியாவுதும்மா" என்றார்.

சிநேகா படியிறங்கும்போது பவானியின் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனாள்.

திரும்பும் பஸ்ஸில் முனிசாமி பவானிக்குப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தார். குப்பத்துக்குச் செய்தி அதற்குள் போயிருக்கும். இன்று சாயங்காலமே ஊர் கூடும். தங்கள் குடும்பத்தைத் தள்ளிவைப்பார்கள், கரையில் யாரும் மீன் கொடுக்க மாட்டார்கள். பவானிக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் நெஞ்சிலிருந்து கல்லை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. தூக்கம் கூட வரும் போலிருந்தது.

திருக்கழுக்குன்றத்தில் பாதிப் பேர் இறங்கினார்கள். முனிசாமி எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"புள்ள அப்படி சொல்லிச்சின்னு நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா இன்னா மாமா பண்ணியிருப்பீங்க?"

அவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"கூழு வாக்கறதுக்கு மொத நாளு மோகன் எங்கிட்ட வந்தாம்மா" என்றார். "குழாயி ஒடஞ்சி கீது, ரெண்டு நாளைக்கு எதுனா சாக்கு சொல்லி ஜனம் அந்தத் தண்ணிய குடிக்காம பாத்துக்க அண்ணாத்த, அதுக்குள்ள ராவோட ராவா சரி பண்ணிடறேன்னான். ஒடஞ்சத ஊருக்குச் சொல்லாத, சொன்னா ஜனம் ரோட்ல குந்திக்கும், எம் பொயப்பு போயிடும்னான். திருவிழாவுக்கு லைட்டு, மேளம் எல்லாம் அவன் உபயம். சொந்தக்காரங்கல்லாம் வந்து எறங்கிட்டாங்க. தண்ணி வேணாம்னு சொன்னா கூழ எதுல காச்சறது? ரெண்டு நாளுதானன்னு வுட்டுட்டேன்."

பவானிக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. புரிந்ததும் அவர் பக்கம் முழுதாகத் திரும்பினாள். மறைக்கச் சொன்னது மட்டும்தான் இவர் செய்தது என்று இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள். அதையே மன்னிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள். "தண்ணி கெட்டுப்போச்சுன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியும்."

"ம்."

"அந்தத் தண்ணிய நீங்க குட்ச்சீங்களா?"

"குட்ச்சேன். தெனமும் குட்ச்சேன். நான் குடிக்கலன்னா ஊரு கேக்குமே. எனக்கு ஒண்ணுமே ஆவல பவானி. ஒரு வயித்துவலி கூட வர்ல." கிழவர் அழுதார். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

பவானிக்கு அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது. அவரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டில் எதற்கும் அவளிடம் தெம்பில்லை.

மோகனுக்குத் தெரிந்திருக்கிறது. குழாய் உடைந்தது தெரிந்தே தண்ணீரை ஓடவிட்டிருக்கிறான். அதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆள் சொன்னால் மோகன் தப்ப முடியாது. சொல்கிற ஆளும் தப்ப முடியாது. மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் இவர் முகத்தில் இனி விழிப்பார்களா? பார்த்திபன் இவரை இனி அப்பா என்று கூப்பிடுவானா?

அதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தால் மறுபடியும் ஒரு முட்டுக்காடுதான் வரும். பவானி பையிலிருந்து போனை எடுத்துக் காயத்ரியின் நம்பரை அழுத்தினாள். மணி அடிக்க ஆரம்பித்ததும் அதை மாமனாரிடம் நீட்டினாள்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். "வூட்டுக்குப் போயி பேசிக்கலாம்மா. பார்த்திபன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுகினு..."

"நான் உங்க பேச்ச கேட்டுத்தான் எம் புள்ள வாய மூடினேன்" என்றாள் பவானி. குரலை உயர்த்தவில்லை. "நீங்களாவது இப்ப வாய தெறங்க மாமா."

போனுக்குள் காயத்ரி "ஹலோ, ஹலோ" என்றாள். முனிசாமி அதை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தார். பஸ் மாமல்லபுரத்துக்குள் நுழைந்து நின்று, ஜனம் இறங்க ஆரம்பித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"பனையடிக்குப்பத்துல இருந்து முனிசாமி பேசறம்மா" என்றார்.